பெயரில் ஒரு புள்ளி



உங்கள் சமையலறையில் உள்ள பழைய எவர்சில்வர் குடம் ஒன்றையோ பித்தளை அண்டா ஒன்றையோ எடுத்து, அதன் கழுத்துப் பகுதியைச் சற்றே விரலால் தடவிப் பாருங்கள். சிறு சிறு குழிகளாக ஏதோ தட்டுப்படும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பெயரும், சில வேளைகளில் ஒரு தேதியும் தெரியும். திருமணத்திற்குத் தாய்மாமன் தந்ததாக இருக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பாட்டி தந்ததாக இருக்கலாம். தந்தவர் மறைந்து நெடுங்காலம் ஆகியிருக்கும். பெயர் மட்டும் நீரிலும் நெருப்பிலும் தேய்ந்தும் தேயாமல் நம்மோடு குடியிருக்கின்றது.

இந்தப் பெயர் வெட்டும் தொழிலைச் செய்து குடும்பத்தைக் காத்த முதியவர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கின்றார். மயிலைத் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளின் வாசலிலும், பின்னர் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் நாற்பது ஆண்டுகள் அமர்ந்து பெயர் வெட்டியவர். ஒரு சிறிய உளி, ஒரு சிறிய சுத்தியல், மடியில் விரிக்க ஒரு கோணித்துண்டு: அவ்வளவுதான் அவருடைய தொழிற்கூடம். புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தை உண்டாக்குவார். மின்சாரத்தால் அதிரும் எழுதுகோல் வந்தபோது பலர் அதற்கு மாறினார்கள், இவர் மாறவில்லை. இன்று கண்ணொளி குறைந்து வீட்டோடு இருக்கின்றார்.

அவருடைய பேரன் இப்போது கச்சேரி சாலைக்கு அருகில் ஒரு சந்தில், ஒரே அறையில், லேசர் வெட்டும் இயந்திரம் ஒன்றை வைத்துத் தொழில் நடத்துகின்றான். கேடயங்கள், கதவுப் பெயர்ப்பலகைகள், அழைப்பிதழ்கள், கொலுவுக்குச் சிறு மண்டபங்கள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில்கள் என்று எல்லாம் அங்கே உருவாகின்றன. சென்ற ஆண்டில் அந்த அறையில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகின்றேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று.

முதலில் அந்த இயந்திரத்தைச் சற்று அறிந்துகொள்வோம். லேசர் ஒளியை முதன்முதலில் உண்டாக்கியவர் தியோடர் மைமன் என்னும் அமெரிக்கர், ஆண்டு 1960. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964இல், கரியமிலவாயுவைக் கொண்டு இயங்கும் லேசரை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் நம் நாட்டவர். மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் 1938இல் பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்ற குமார் படேல் அவர்கள்தாம் அவர். இன்று நம் தெருக்களில் மரப்பலகையையும் அக்ரிலிக் தகட்டையும் தோலையும் அறுக்கும் பெரும்பாலான சிறு இயந்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே. அதன் கதிர் நம் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணாடிகள் அதைத் திருப்பி விடுகின்றன. வில்லை ஒன்று அதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியாகக் குவிக்கின்றது. அப்புள்ளி பட்ட இடம் ஆவியாகின்றது. புள்ளியை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதைக் கணினியில் உள்ள வரைபடம் சொல்கின்றது.

வேடிக்கை என்னவென்றால், பாட்டனார் செய்த வேலையைப் பேரனின் இயந்திரம் செய்யாது! பளபளப்பான உலோகம் இக்கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். பாத்திரத்தில் பெயர் எழுத வேண்டுமாயின் ஃபைபர் லேசர் என்னும் வேறோர் இயந்திரம் வேண்டும். ஆனால் மெருகேற்றிய கருங்கல்லில் இது நன்றாக எழுதும். கதிர் பட்ட இடத்தில் கல்லின் மேற்பரப்பு நுண்ணியதாக நொறுங்கி வெண்மையாகத் தெரியும்.

அப்படி ஒரு கருங்கல் பலகைக்காகத்தான் அந்தக் குடும்பம் வந்தது. தாய் இறந்து ஓராண்டு நிறையும் நாளில் கல்லறையில் பதிப்பதற்கு ஒரு நினைவுக்கல் வேண்டும். மூத்த மகன் கனடா நாட்டில் இருக்கின்றார். அவரே அங்கிருந்து வரைபடத்தைத் தயாரித்து அனுப்பிவிட்டார். சுற்றிலும் ஒரு பூங்கொடி. நடுவில் பெரிய எழுத்துகளில் தாயின் பெயர். அதன் கீழே சிறிய எழுத்துகளில் அவர் பிறந்த ஊர், கணவர் பெயர், ஐந்து பிள்ளைகளின் பெயர்கள். ஐவருள் ஒரு பெண் குழந்தை மூன்று மாதத்திலேயே இறந்துவிட்டது. அதற்குத் தனிக் கல்லறை இல்லை; ஒரு புகைப்படமும் இல்லை. அதன் பெயர் எழுதப்படப்போகும் ஒரே இடம் அந்தக் கல்தான்.

வரைபடத்தைத் திறந்த இளைஞன் முதலில் சிரித்துவிட்டான். பன்னிரண்டு அங்குல அகலம் இருக்க வேண்டிய பலகை, திரையில் பன்னிரண்டு மில்லிமீட்டராக, ஒரு சட்டைப் பொத்தான் அளவில் நின்றது. காரணம் எளியது. பொறியாளர்கள் பயன்படுத்தும் டி.எக்ஸ்.எஃப். என்னும் கோப்பு முறை 1982இல் ஆட்டோகேட் மென்பொருளோடு தோன்றியது. அதில் "12" என்ற எண் இருக்கும். அது அங்குலமா, மில்லிமீட்டரா என்ற செய்தி பல வேளைகளில் இராது. இருந்தாலும் திறக்கும் மென்பொருள் அதைக் கவனியாமல் விடக்கூடும். அனுப்பியவர் அங்குலத்தில் எண்ணினார். வாங்கியவரின் கணினி மில்லிமீட்டரில் எண்ணிற்று. இருவரும் உண்மையே பேசினார்கள், ஆனால் 25.4 மடங்கு வேறுபாடு!

இத்தவறு பெரியதாகையால் உடனே கண்ணில் படும். கண்ணில் படாத சிறு தவறுகளே ஆபத்தானவை. எஸ்.வி.ஜி. என்னும் மற்றொரு கோப்பு முறை உண்டு; 2001இல் உலகளாவிய தரமாக அறிவிக்கப்பட்டது. ஓர் அங்குலத்திற்கு எத்தனை புள்ளி என்பதில் மென்பொருள்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. ஒன்று 72 என்று கொள்ளும். ஒன்று 96 என்று கொள்ளும். இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருள் 2017 வரை 90 என்று கொண்டிருந்து, பின்னர் 96க்கு மாறியது. 72 என்று எண்ணி 100 மில்லிமீட்டராக வரைந்த கோட்டை 96 என்று எண்ணும் கணினி திறந்தால் அது 75 மில்லிமீட்டராகிவிடும். 90 என்று வரைந்தது 93.75 ஆகும். நூற்றுக்கு ஆறு குறைந்ததை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? பலகை முழுவதும் வெட்டி முடித்த பிறகு, ஆணித் துளைகள் சுவரில் உள்ள துளைகளோடு பொருந்தாதபோதுதான் தெரியவரும்.

ஆகவே இத்தொழிலில் ஈடுபடும் இளைஞர்களுக்கு அந்தப் பேரன் சொல்லும் முதல் விதி இது: வரைபடம் வாங்கும்போதே ஓர் அளவையும் வாயால் கேட்டு வாங்கு. "இடப்புறத் துளைக்கும் வலப்புறத் துளைக்கும் இடையே எவ்வளவு?" என்று கேள். இயலுமானால் வரைபடத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து அனுப்பச் சொல். திறந்தவுடன் அதை அளந்து பார். பிறகு வேண்டாத அட்டை ஒன்றில் ஒரு முறை வெட்டி, அடிக்கோலை வைத்துப் பார். நினைவுக்கல் விஷயத்தில் அவன் இதையெல்லாம் செய்தான். அளவு சரியாயிற்று.

தொலைவிலிருந்து வரும் எழுத்தும் வரைவும் அளவில் ஏமாற்றுவது இன்று நேற்று நடப்பதன்று. தமிழ் அச்சின் வரலாறே அதற்குச் சான்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் என்னும் லூத்தரன் குரு, தமிழ் எழுத்துகளின் வடிவங்களை ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழ் அறியாத கைவினைஞர்கள் அவ்வரைவைப் பார்த்தே எழுத்துகளை வெட்டி வார்த்தார்கள். 1713இல் அவை கப்பலில் வந்து சேர்ந்தன. எழுத்துகள் நன்றாகவே இருந்தன. ஆனால் மிகப் பெரியவை! அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கிடைக்கக்கூடிய காகிதம் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை மறுபடியும் வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது.

அதற்கும் முன்னே நம் சபையின் வரலாற்றில் இதே கதைதான். 1577இல் கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. மறு ஆண்டில் கொல்லத்தில் மீண்டும் புதிதாக வார்க்கப்பட்டன. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் தந்த அந்நூலின் இறுதிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் இரண்டும் காட்டப்பட்டுள்ளன. முதல் முயற்சியை மறைக்காமல், இரண்டாம் முயற்சியோடு சேர்த்தே வெளியிட்டிருக்கின்றார்கள். அந்த நேர்மையை நான் பல முறை எண்ணி வியந்ததுண்டு. அதை எண்ணி வியந்த நானே, இந்த நினைவுக்கல் விஷயத்தில் வேறு விதமாக நடந்துகொண்டேன்.

கதைக்குத் திரும்புவோம். அளவு சரியான பின் எழுத்தில் சிக்கல் வந்தது. வெளிநாட்டுக் கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு இங்கே இல்லை. தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ நின்றன. இது நம்மில் பலருக்கும் பழக்கமான துன்பம். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. தமிழக அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதற்கு முந்தைய எழுத்துருக்களைப் பயன்படுத்துவோர் இன்னும் பலர் உளர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குப்பையாகிவிடும். தீர்வு ஒன்றே. அனுப்புகின்றவரே எழுத்துகளை எழுத்தாக அனுப்பாமல், கோட்டு வடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும். அவ்வாறு மாற்றிய பின் அது எழுத்தன்று, வெறும் படம். எந்தக் கணினியிலும் மாறாது. ஆனால் பிழையிருந்தாலும் திருத்த இயலாது. ஆதலால் மாற்றுவதற்கு முன் மற்றொருவரை வாசிக்கச் செய்வது நல்லது. கனடாவில் உள்ள மகனும் அவ்வாறே மாற்றி மறுபடியும் அனுப்பினார்.

அடுத்தது துப்புரவு. வெளியிலிருந்து வரும் வரைபடம் பெரும்பாலும் அழுக்கோடு வரும். ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக இரு முறை வரையப்பட்டிருக்கும், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், இயந்திரமோ இரு முறையும் சென்று எரிக்கும், பலகை கருகும். வட்டம்போல் தோன்றுவது உண்மையில் சேராத சிறு துண்டுகளாக இருக்கும். முனையோடு முனை இணைக்காவிட்டால், உள்ளே நிரப்பிப் பொறிக்கச் சொன்னாலும் இயந்திரம் பொறிக்காது. புகைப்படமாக வந்த ஓவியத்தைக் கோடாக மாற்றினால், ஒரு தடித்த கோட்டின் இரு கரைகளும் இரு கோடுகளாகிவிடும்; வெட்டும்போது நடுவே ஒரு நூலிழை மரம் உதிரும். வெட்ட வேண்டியது ஒரு நிறம், பொறிக்க வேண்டியது மற்றொரு நிறம் என்று பிரித்து வைக்க வேண்டும். உட்புறத் துளைகளை முதலிலும் வெளிவிளிம்பை இறுதியிலும் வெட்டச் சொல்ல வேண்டும். வெளிவிளிம்பு முதலில் அறுந்தால் துண்டு சற்றே நகர்ந்துவிடும். பிறகு துளைகள் இடம் மாறும்.

தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. நம் எழுத்துகளில் பலவற்றிற்கு வயிறு உண்டு. க, த, ண, ழ முதலிய எழுத்துகளை ஒரு பலகையில் ஊடுருவ வெட்டினால் சுழிக்குள் உள்ள பகுதி கழன்று விழுந்துவிடும். எழுத்து வெறும் ஓட்டையாகிவிடும். ஆகையால் அவ்வுட்பகுதியை வெளிப்பகுதியோடு இணைக்க மெல்லிய பாலம் ஒன்று விட வேண்டும். ஆலய விழாவுக்குத் தோரணம் வெட்டும் இளைஞர்கள் காகிதத்திலேயே இதைச் செய்து பழகியவர்கள். கணினி வந்ததும் மறந்துவிடுகின்றார்கள்.

நம் இளைஞனும் நினைவுக்கல்லின் வரைபடத்தைத் துப்புரவு செய்தான். பூங்கொடியைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு துணுக்குகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாக அழிக்க மாலைப்பொழுது போதாது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த உருவங்களையெல்லாம் ஒரே கட்டளையில் அழிக்கும் வசதி மென்பொருளில் இருந்தது. அதை அழுத்தினான். துணுக்குகள் மறைந்தன, படம் பளிச்சென்று ஆயிற்று. கல்லை வைத்தான்; இயந்திரம் ஓடியது; ஒரு மணி நேரத்தில் கல் எழுந்தது. மிக அழகு! என்னை அழைத்துக் காட்டினான். நானும் பார்த்துப் பாராட்டினேன்.

அவனுடைய பாட்டனாரும் அன்று உடன் வந்திருந்தார். கண் தெரியாததால் கல்லின் மீது விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். தாயின் பெயரைக் கடந்தார். கீழே சிறிய எழுத்துகளுக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்பவும் தடவினார்.

"தம்பி, புள்ளி எங்கே?" என்றார்.

நாங்கள் குனிந்து பார்த்தோம். பெரிய எழுத்துகளில் புள்ளிகள் இருந்தன. சிறிய எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை! துணுக்குகளோடு துணுக்குகளாகப் புள்ளிகளும் போய்விட்டன. கணினிக்குத் தூசும் புள்ளியும் ஒன்றே, இரண்டும் சிறியவை. கல் "கல" ஆகிறதும், மண் "மண" ஆகிறதும் அதற்குத் தெரியாது. ஊர்ப் பெயர் குலைந்திருந்தது. பிள்ளைகளின் பெயர்கள் குலைந்திருந்தன. மூன்று மாதத்தில் மறைந்த அந்தக் குழந்தையின் பெயர் பெயராகவே இல்லை.

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகின்றேன். "பரவாயில்லை தம்பி, படிக்கின்றவர்கள் தாங்களே சேர்த்துப் படித்துக்கொள்வார்கள். யார் இவ்வளவு கூர்ந்து பார்க்கப்போகின்றார்கள்?" என்றேன். கல்லின் விலை எனக்குத் தெரியும். அந்த இளைஞனின் கடனும் எனக்குத் தெரியும். ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு மூன்று நாள்களே இருந்தன. இரக்கம் என்ற பெயரில் ஒரு பொய்க்கு நான் துணைபோனேன்.

என் சொல்லுக்கு ஓர் அறிவுச் சாயமும் இருந்தது. பண்டைய ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள். படிப்பவர் தாமே உணர்ந்துகொண்டார். ஆனால் அதனால் விளைந்த குழப்பத்தையும் நான் அறிவேன். பழைய முறைப்படி குறில் எகரமும் ஒகரமும் புள்ளி பெற்றவை. புள்ளி விடப்பட்டதால் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் ஆயின. அந்தக் குழப்பத்தைக் கண்டுதான், இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர், நெடிலுக்கு இன்று நாம் எழுதும் சுழித்த கொம்பையும் ஏ, ஓ என்னும் வடிவங்களையும் வகுத்தார். ஒரு சிறு சுழிக்காக அவ்வளவு பாடுபட்ட குருவின் வழிவந்த நான், புள்ளி இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன்!

முதியவர் என்னை மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களுக்கே உரிய மரியாதையோடு, "சாமி, குடத்தில் பெயர் வெட்டும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் பெயரை வாயால் ஒரு முறை சொல்லச் சொல்வேன். வெட்டி முடித்ததும் நான் படித்துக் காட்டுவேன். அவர்கள் தலையசைத்த பிறகுதான் கூலி வாங்குவேன். இந்தப் பிள்ளையின் பெயரை இப்போது யார் படித்துக் காட்டுவது?" என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை.

இளைஞன் அன்றிரவே கனடாவுக்குத் தொலைபேசியில் பேசினான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். வேறு கல் வாங்கித் தன் செலவில் செய்து தருவதாகவும் சொன்னான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டது ஒன்றே: "தாத்தா இன்னும் உளி பிடிப்பாரா?"

மறுநாள் காலையில் அந்த அறையில் கோணித்துண்டு விரிக்கப்பட்டது. பேரன் ஒவ்வொரு புள்ளியும் வர வேண்டிய இடத்தில் வெள்ளைப் பென்சிலால் குறியிட்டு, தாத்தாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். மகன் தொலைபேசியில் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதியவர் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு தட்டு தட்டினார். கருங்கல்லில் வெண்புள்ளிகள் தோன்றின. இறுதியில் அந்தக் குழந்தையின் பெயர். அதை முதியவர் உரக்கப் படித்துக் காட்டினார். தொலைபேசியில், "ஆம் ஐயா, அதுதான் என் தங்கையின் பெயர்" என்ற குரல் கேட்டது. கூலி எவ்வளவு என்று கேட்டபோது, குடத்தில் ஒரு பெயர் வெட்டுவதற்குத் தாம் கடைசியாக வாங்கிய தொகையைச் சொன்னார்.

இப்போது அந்தக் கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கின்றது. அளவைக் கேள், 100 மில்லிமீட்டர் கோட்டை அள, எழுத்தைக் கோடாக்கு, இரட்டைக் கோடுகளை நீக்கு, துப்புரவுக்கு முன்னும் பின்னும் புள்ளிகளை எண்ணு, அட்டையில் ஒரு முறை செய்து பார், வாடிக்கையாளரை வாசிக்கச் சொல். கடைசிக்கு முந்தியதன் பயனைச் சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவில் நேரில் கண்டேன். இளைஞர் மன்றத்தார் வெளிநாட்டு வரைபடம் ஒன்றைக் கொண்டு குடில் செய்ய வந்தார்கள். அதன் செருகு பள்ளங்கள் மூன்று மில்லிமீட்டர்ப் பலகைக்கென வரையப்பட்டவை. கடையில் மூன்று என்று விற்கப்படும் பலகை, அளவைக் கருவியால் பார்த்தால் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கக்கூடும். அன்றியும், லேசர் தான் செல்லும் வழியில் சிறிது மரத்தை உண்டுவிடும். ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு பத்தில் மில்லிமீட்டர். அதனால் பள்ளம் அகலும். செருகும் நாக்கு மெலியும். குடில் நிற்காமல் ஆடும். அவன் சிறு துண்டுப் பலகையில் வெவ்வேறு அகலத்தில் ஐந்து பள்ளங்கள் வெட்டி, எது இறுக்கமாகப் பிடிக்கின்றது என்று பார்த்து, பிறகுதான் வரைபடத்தைத் திருத்தினான். பசையே இல்லாமல் குடில் நின்றது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தொழிலைக் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். மராட்டிய மாநிலத்துப் பாபல் என்னும் சிற்றூரில் விஞ்ஞான ஆசிரமம் என்ற பள்ளி 2002 முதல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய கருவிகளைப் பழக்கி வருகின்றது. நம் அடையாற்றுக்கு அருகிலேயே ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்கும் புத்தாக்க மையம் 2008இல் தொடங்கப்பட்டது. பெரிய படிப்பு இல்லாதவரும் கண்ணும் கையும் பொறுமையும் இருந்தால் இதில் பிழைக்கலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகளை மறவாதீர்கள். முதலாவது, எதை வெட்டுகின்றோம் என்று அறிந்து வெட்ட வேண்டும். பி.வி.சி. கலந்த தகடும், தோல்போல் தோன்றும் பி.வி.சி. ரெக்சினும் லேசரில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். ஈரத்தோடு கலந்து அமிலமாகி இயந்திரத்தையும் அரிக்கும். ஐயம் இருந்தால், காற்றோட்டமான திறந்த வெளியில், பழுக்கக் காய்ச்சிய செப்புக் கம்பியால் அப்பொருளைத் தொட்டு மீண்டும் தீயில் காட்டினால், சுடர் பச்சையாக மாறும். அப்படி மாறினால் அதை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாவது, இயந்திரம் ஓடும்போது விட்டுச் செல்லலாகாது. அக்ரிலிக்கும் மரமும் தீப்பற்றுபவை. தேநீர் குடித்து வரும் ஐந்து நிமிடத்தில் ஓர் அறை எரியப் போதுமான நேரம் இருக்கின்றது. புகையை வெளியேற்றும் விசிறியும், கைக்கெட்டும் தொலைவில் தீயணைப்பானும் இல்லாத இடத்தில் உங்கள் பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர்கள்.

இயந்திரத்தை நான் குறை கூறவில்லை. நமக்கு வந்து சேர்வன பலவும் பிறர் கையால் வரையப்பட்டவை. வேறோர் அளவுகோலால் அளக்கப்பட்டவை. அவற்றைப் பெற்றுக்கொள்வது நன்று. ஆனால் கல்லில் இறக்குமுன் நம் அளவுகோலை ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டியது நம் கடமை. சிறியது என்பதற்காக ஒன்றைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான், பேசாதிருக்கும் பாட்டி, பள்ளியில் பின்தங்கிய பிள்ளை, கணக்கில் வராத விருந்தாளி, இவர்கள் எல்லாம் ஒரு குடும்பத்தின் புள்ளிகள். நீக்கிவிட்டால் பக்கம் பளிச்சென்று இருக்கும், பெயர்தான் மாறிப்போகும்.

ஓராண்டு நினைவு நாளன்று கல்லறையில் அக்கல்லைப் பதித்தார்கள். நான் மந்திரித்தேன். மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோது பாருங்கள், இயந்திரம் பொறித்த எழுத்துகள் மென்மையாகத் தெரிந்தன. முதியவர் குத்திய புள்ளிகள் சற்று ஆழமாக, ஒவ்வொன்றும் சிறிது நிழலோடு நின்றன. இரண்டு தலைமுறையின் கை ஒரே கல்லில்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் உள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் யார் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை